பாபா வீடா, கெண்ட் ரிட்ஜ் அருங்காட்சியகமா: ஒரு காலைப் பொழுதுக்கு எது சரி?

பள்ளி விடுமுறைக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால் முதல் சில நாள்களுக்குக் கவலையே இல்லை. செந்தோசா, கரையோரப் பூந்தோட்டங்கள், மெரினா பே, முஸ்தபா என்று ஓடிவிடும். அதற்கப்புறம்தான் சிக்கல். "சிங்கப்பூர்ல பழசா ஒண்ணுமே இல்லையாப்பா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, வீடு கட்டிக் கைதேர்ந்த பெரியப்பாவாகவோ இருப்பார். அவருக்கு நான் காட்ட நினைக்கும் இடங்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றன. நீல் ரோட்டில் பாபா வீடு என்ற பழைய வீடு ஒன்று. கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம். அதன் பக்கத்திலேயே டைனோசர்களை நிறுத்தி வைத்திருக்கும் இன்னொன்று.

மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். வீடு ஒரு திசை, வளாகம் வேறு திசை. எம்ஆர்டி ரயிலில் போய்வரும் நேரத்தைவிட, ஒன்றைப் பார்த்த களைப்போடு இன்னொன்றுக்குள் நுழைவதுதான் பிரச்சினை. அரைநாள், ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதன்முறை கூட்டிப்போகிறீர்கள் என்றால் பாபா வீடுதான். பதிவு கிடைத்தால்.

157, நீல் ரோடு. உட்ரம் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். வரிசையாக ஒட்டி நிற்கும் பழைய மாடி வீடுகளுக்கு நடுவே நீல வண்ண முகப்பு தனியாகத் தெரியும். 1895 வாக்கில் கட்டிய வீடு. வீ பின் என்ற 19ஆம் நூற்றாண்டுக் கப்பல் வணிகரின் வழிவந்த குடும்பத்தாரிடம் இருந்தது. 2006இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அதற்கு நிதி கொடுத்தவர் ஆக்னஸ் டான் என்ற பெண்மணி. தன் தந்தை துன் டான் செங் லோக்கின் நினைவாகக் கொடுத்தார். மலாயா வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்காது. மலாக்காக்காரர், 1949இல் மலாயா சீனர் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர். பழுதுபார்க்கும் வேலை முடிந்து 2008இல் வீட்டைத் திறந்தார்கள்.

பழுதுபார்த்தவர்கள் எடுத்த ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நூறு வருடத்துக்கு மேல் நிற்கும் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் எதையாவது மாற்றியிருக்கும். ஒருவர் சுவரை இடித்திருப்பார், ஒருவர் மேலே வண்ணம் அடித்திருப்பார், இன்னொருவர் குழல் விளக்கு மாட்டியிருப்பார். இதில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது? "பழைய மாதிரியே ஆக்கிட்டோம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எந்தப் பழசு என்று சொல்ல மாட்டார்கள். இங்கே அப்படி விடவில்லை. 1928 வாக்கில் வீடு எப்படி இருந்திருக்கும் என்று தீர்மானித்து, கீழ்த்தளத்தையும் முதல் மாடியையும் அந்தக் காலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ரப்பர், ஈய விலைகளைக் கவிழ்ப்பதற்குச் சற்று முந்தைய காலம் அது. நீரிணைச் சீனக் குடும்பங்கள், அதாவது பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து மலாய்ப் பழக்கங்களும் கலந்துபோன பெரானாக்கான் சீனர்கள், கையில் காசும் வீட்டில் அலங்காரமுமாக இருந்த நேரம். அந்தச் சமூகத்து ஆண்களைத்தான் பாபா என்பார்கள், பெண்களை நோன்யா. சீனத்து வழிபாட்டு மேடையும் ஐரோப்பிய நாற்காலியும் ஒரே கூடத்தில் எப்படி வந்தன என்பதற்கு அந்த ஆண்டே பாதி விளக்கம் சொல்லிவிடும்.

வாசலில் பிந்து பாகார் என்ற அரைக்கதவு. மலாய்ப் பெயர்தான். பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டு இதை மட்டும் சாத்தினால் காற்று வரும், தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது. அதைத் தாண்டினால் முன்கூடம். அதற்குப் பின்னால் முன்னோர்களை வணங்கும் கூடம். அப்புறம் வானம் தெரியும் முற்றம். என் மாமியாரைக் கூட்டிப்போனபோது வழிகாட்டி சொல்வதைக் கேட்பதை அவர் அங்கேதான் நிறுத்தினார். காரைக்குடிப் பக்கத்துக்காரர். மேலே அண்ணாந்து பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார், ஓரத்தில் தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடித்தார். "நம்ம வீட்டு முத்தம்தான். என்ன, கோழி உலாத்த இடமில்லை" என்றார். அதற்கு மேல் அவருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. சமையலறை எந்தப் பக்கம், புகை எப்படிப் போகும், வாசலுக்கு நேரே நின்றால் கொல்லை தெரியுமா என்று எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்த யாரும் இந்த வீட்டைச் சுலபமாகப் படித்துவிடுவார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல அதுவே காரணம்.

மாடியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வந்தவர்கள் திரும்பிப் போனபின்னும் அதைத்தான் பேசுகிறார்கள். பெரிய படுக்கையறையின் மரத்தரையில் ஒரு துவாரம். மேலே இருந்தபடியே கீழே முன்கூடத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்துக்கொள்ளலாம். அந்நிய ஆண்கள் முன்னால் பெண்கள் வரக்கூடாது என்று இருந்த காலத்தில் இது வீட்டுக்கு வேண்டிய வசதி. எங்கள் கூட்டத்தில் இதைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஒரு கதை. ஜன்னல் கம்பி வழியாக மாப்பிள்ளை பார்த்த கதை, அடுக்களைக் கதவிடுக்குக் கதை. என் தங்கை மகள் மட்டும் நேராகக் கேட்டாள்: "அப்ப கீழ இருக்கிறவங்களுக்கு மேல இருக்கிறது தெரியாதா?" தெரிந்தே உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே வரும்போது முகப்பை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பூவும் பறவையுமாக இருக்கும் வேலைப்பாடு பெயின்ட் என்று தோன்றும். கிட்டே போனால் பீங்கான். வண்ணக் கிண்ணங்களை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இதழாகவும் இறகாகவும் சுண்ணச் சாந்தில் பதிக்கும் தென்சீனக் கலை அது. கிண்ணத்தின் வளைவே இதழின் வளைவாகிவிடுகிறது. அதனால் தட்டையான ஓட்டில் செய்தால் வராத உயிர் இதில் வருகிறது. செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சைத் தடவிப் பார்த்த பெரியப்பாக்கள் இதன் முன்னால் நகரவே மாட்டார்கள்.

சரி, குறைகளும் உண்டு. நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட முடியாது, முன்பதிவு வேண்டும். கட்டணம் உண்டு, மாணவர்களுக்கும் முதியோருக்கும் குறைவு. சிறு குழுவாகத்தான் விடுவார்கள். பத்துப் பேர் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் பிரிந்து போகவேண்டி வரலாம். வழிகாட்டிச் சுற்றுலா ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலம் பழகாத பெரியவர்களுக்கு நீங்கள்தான் காதோரம் சொல்லிக்கொண்டே போகவேண்டும், அது வழிகாட்டிக்கும் தொந்தரவு, உங்களுக்கும். முதல்நாள் இரவே சாப்பாட்டு மேசையில் வைத்துக் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். மறுநாள் அவர்கள் பார்த்தாலே போதும். உள்ளே படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு இருப்பதால், ஒவ்வோர் அறையிலும் செல்ஃபி எடுக்காவிட்டால் போன மாதிரியே இல்லை என்கிற தம்பிமார்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். மாடிப்படி பழைய வீட்டு மாடிப்படி. முழங்கால் வலிக்காரர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மேல்தளத்தை மட்டும் 1928க்குள் கட்டிப்போடாமல் விட்டிருக்கிறார்கள். அங்கே கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை போவதற்கு அதுவே காரணம். வீட்டுச் செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பதும் மேலே என்ன வந்திருக்கிறது என்பதைத்தான்.

பெரானாக்கான் என்றால் சீனர் மட்டும்தான் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். மலாக்காவில் பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், மலாய் பேசி, மலாய்ச் சமையல் சமைத்து, கோயிலில் மாரியம்மனை வணங்குகிறவர்கள், மலாக்காச் செட்டிகள், அவர்களும் பெரானாக்கான்கள்தான். 2018இல் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் அவர்களைப் பற்றித் தனியாக ஒரு கண்காட்சியே நடத்தியது. நீல் ரோட்டு வீட்டில் அவர்கள் கதையைத் தேடவேண்டாம். அது ஒரு சீனக் குடும்பத்தின் வீடு. ஆனால் நோன்யாக்கள் உடுத்தும் கெபாயாச் சட்டையையும் வெற்றிலைப் பெட்டியையும் பார்க்கும்போது இதைச் சொல்லிக்கொடுத்தால், "இது நமக்கென்ன" என்று நிற்கிறவர்கள் கொஞ்சம் கிட்டே வருவார்கள்.

இனி கெண்ட் ரிட்ஜ். பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம், பதிவு தேவையில்லை. கெண்ட் ரிட்ஜ் எம்ஆர்டியிலிருந்து வளாகத்தின் இலவச ஷட்டில் பஸ்ஸில் ஏறினால் பல்கலைக்கழகக் கலாசார மையத்துக்குப் பக்கத்தில் இறங்கலாம். உள்ளே கூட்டம் இருக்காது. பல சமயம் ஒரு கூடம் முழுக்க உங்களுக்கு மட்டும்தான். குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும். ஏப்ரல் மே வெயிலில் இதையும் ஒரு தகுதியாகவே நான் சேர்த்துக்கொள்வேன்.

இதன் கதை வீட்டின் கதையைவிடச் சிக்கலானது. 1950களில் சிங்கப்பூரில் இருந்தது மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே கலை வரலாறு சொல்லிக்கொடுத்த மைக்கேல் சல்லிவன், படம் காட்டிப் பாடம் நடத்தினால் போதாது, பொருளே முன்னால் இருக்கவேண்டும் என்று சேகரிக்கத் தொடங்கினார். 1955இல் அருங்காட்சியகம் உருவானது. சீனா, இந்தியா, தென்கிழக்காசியா என்று மூன்று பக்கமிருந்தும் பொருள்கள் வந்தன. 1960களின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று எனப் பல்கலைக்கழகம் இரண்டானபோது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பித்தளைப் பாத்திரத்தை எண்ணிப் பிரிப்பதுபோல் சேகரிப்பையும் பிரித்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் நன்யாங் பல்கலைக்கழகம் தனக்கென்று லீ கோங் சியான் என்ற தொழிலதிபரின் பெயரில் ஒரு சீனக் கலைச் சேகரிப்பு வைத்திருந்தது. 1980இல் இரு பல்கலைக்கழகங்களும் இணைந்து இன்றைய தேசியப் பல்கலைக்கழகம் ஆனபோது அதுவும் இங்கே வந்து சேர்ந்தது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கூடமும் ஏதோ ஒரு பிரிவினாலோ இணைப்பினாலோ அங்கே இருக்கிறது.

ஊரிலிருந்து வருகிறவர்களிடம் "உள்ளே இந்தியச் சிற்பம் எல்லாம் இருக்கு" என்று ஆசை காட்டாதீர்கள். எங்கள் சித்தப்பா தஞ்சாவூர்க்காரர். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்த ஒரு கல் சிற்பத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி எங்க ஊர் பிரகாரத்துல சாத்தி வச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவரை நான் நிறுத்தியது சீனப் பீங்கான்களுக்கு முன்னால்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினம் என்ற கடற்கரை ஊரில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமாத்திராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுத் தமிழ் வணிகக் குழுக் கல்வெட்டு. இந்த மூன்றையும் ஒரு கோட்டில் இணைத்தால் அந்தக் கோடு நம் பக்கத்து மலாக்கா நீரிணை வழியாகப் போவதாகத்தான் தோன்றும். தட்டு, கிண்ணம், ஜாடி என்று மெருகு மங்காமல் கண்ணாடிக்குள் அடுக்கியிருப்பவை இதே வழியில் கப்பலேறிப் போன வகையறாக்கள். இதைச் சொன்னதும் சித்தப்பா திரும்பி வந்தார். பச்சையும் சாம்பலும் கலந்த மெருகுள்ள ஒரு கிண்ணத்தின் அடிப்பாகத்தை, மெருகு படாமல் வெறும் மண் தெரியும் அந்த வளையத்தை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சூளையில் கலத்தை வைக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடத்தில் மெருகைத் துடைத்துவிடுவார்கள். உடைந்த சில்லை வைத்தே இன்ன ஊர்ச் சூளை என்று சொல்ல, அடிப்பாகம் ஆய்வாளர்களுக்குப் பெரிய துப்பு.

இப்படிச் சொல்ல ஒரு ஆள் கூட இருந்தால் அருங்காட்சியகம் பேசும். இல்லாவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும். வீட்டுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடே அதுதான். வீடு உங்களைக் கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போகிறது: இங்கே சாப்பிட்டார்கள், இங்கே படுத்தார்கள், இங்கே கும்பிட்டார்கள். அருங்காட்சியகம் ஒரு கேள்வியோடு வருகிறவருக்காகக் காத்திருக்கிறது. விளக்கக் குறிப்புகளும் பல்கலைக்கழகத்துக்கே உரிய நடையில், ஆய்வு மாணவர் ஒருவர் பக்கத்தில் நிற்பதாக நினைத்து எழுதியவை. அதில் தப்பில்லை, பாடம் நடத்தத் தொடங்கிய இடம்தானே. ஆனால் ஜெட்லாக் தீராத அத்தையை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் தேடுவது பெஞ்சைத்தான்.

சிற்பி இங் எங் டெங்கின் சேகரிப்பு மட்டும் இதற்கு விதிவிலக்கு. 1934இல் பிறந்து 2001இல் மறைந்தவர், சிங்கப்பூர்ச் சிற்பக்கலையின் முன்னோடி, 1981இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். தன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை இந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். களிமண்ணிலும் சிமென்டிலும் செய்த உருண்டு திரண்ட உடல்கள், தாயும் சேயும், உடம்பே இல்லாமல் முகம் மட்டுமாக நிற்கும் உருவங்கள். இதற்கு யாரும் குறிப்பு வாசிக்கத் தேவையில்லை. குழந்தைகள் முன்னால் நின்று அதேபோல் முகத்தைக் கோணிக் காட்டுவார்கள். 1974இல் பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதிக்காக அவர் செய்த 'செல்வம்', 'மனநிறைவு' என்ற இரட்டைச் சிற்பங்களும் பின்னாளில் பல்கலைக்கழக வளாகத்துக்கே வந்துவிட்டன. கடைத்தெருவில் நின்ற 'மனநிறைவு' இப்போது தேர்வு எழுதும் மாணவர்கள் நடுவில் நிற்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

தற்காலிகக் கண்காட்சிகளில்தான் இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான குணம் தெரியும். 2017இல் பாத்திக் கலைஞர் சர்காசி சாயிட்டின் துணிகளை வைத்து நடத்தினார்கள்; மெழுகும் சாயமும் பற்றித் தெரிந்த சின்னாளப்பட்டிக்காரர் யாராவது அதைப் பார்த்திருந்தால் நாளெல்லாம் அங்கேயே இருந்திருப்பார். அதற்கு முன்னால், காலனி ஆட்சிக் காலத்து அருங்காட்சியகங்கள் மலாயாவில் எதை, எப்படி, யாருக்காகச் சேகரித்தன என்பதையே கேள்வியாக்கி ஒன்று நடத்தினார்கள். ஒரு மியூசியம் தன்னையே விசாரித்துக்கொள்வது நம் ஊரில் பார்க்கக் கிடைக்காத காட்சி. 'பிரெப் ரூம்' என்று ஓர் ஏற்பாடும் உண்டு. கண்காட்சி முடிவாவதற்கு முன்பே, அதற்கான ஆவணங்களையும் பாதி யோசனைகளையும் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பார்கள். அதிலிருந்து ஏதாவது உருவாகலாம், உருவாகாமலும் போகலாம். இந்த ரசனை இருப்பவர் தனியாகப் போகவேண்டிய இடம் இது. குடும்பத்தோடு போனால் "கிளம்பலாமா?" என்ற கேள்வி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும்.

பிள்ளைகள் பெரும்பான்மையாக இருக்கும் கூட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பக்கத்துக் கட்டடம். லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2015இல் திறந்தது. அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து கொண்டுவந்த மூன்று டைனோசர்கள்: பிரின்ஸ், அப்பலோனியா, சின்னதாக டுவிங்கி. வார்ப்பு எலும்புகளால் நிரப்பிய கூடுகள் என்று நினைக்காதீர்கள், பெரும்பகுதி அசல் புதைபடிவ எலும்புகள். எனக்கு அவற்றைவிடத் திமிங்கிலம் பிடிக்கும். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே 10.6 மீட்டர் நீளப் பெண் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று செத்து மிதந்தது. சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டு என்பதால் ஜூபி லீ என்று பெயர் வைத்து, எலும்பைச் சுத்தம் செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள். வயிற்றுக்குள் பிளாஸ்டிக்கும் இருந்தது. பழைய ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் 1907 முதல் பெரிய திமிங்கில எலும்புக்கூடு ஒன்று தொங்கியது. 1974இல் அதை மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது லாபுவானில் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டிகள் இங்கே பலர் உண்டு, பேரனை டைனோசரிடம் அனுப்பிவிட்டு அவர்கள் திமிங்கிலத்துக்குக் கீழே நின்று கதை சொல்வார்கள். மூன்றில் கட்டணம் அதிகம் இதற்குத்தான். விடுமுறையில் நுழைவு நேரங்கள் நிரம்பிவிடும் என்பதால் டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளை ஒருவர் இங்கே பார்த்துக்கொள்ள, இன்னொருவர் நழுவி இலவச அருங்காட்சியகத்துக்குப் போய்வருவது எங்கள் வீட்டில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

நாள் தேர்வுக்கு வருவோம். பாபா வீடும் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் கடைத்தொகுதி மாதிரி ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தின் சில நாள்களிலும் பொது விடுமுறைகளிலும் மூடியிருக்கும். தீபாவளி லீவில் கூட்டிப்போகலாம் என்ற திட்டம் அங்கேயே அடிபட்டுவிடும். ஒரு கண்காட்சியை எடுத்துவிட்டு அடுத்ததை அமைக்கும் இடைவெளியில் கூடங்கள் அடைத்திருக்கலாம். பழைய வீட்டில் பராமரிப்பு வேலையும் அவ்வப்போது நடக்கும். அதனால் கிளம்பும் வாரத்தில் அவர்கள் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், போன வருடம் யாரோ சொன்ன நேரத்தை நம்பவேண்டாம். ஜூலையில் பட்டமளிப்பு விழாக்கள் பல்கலைக்கழகக் கலாசார மையத்தில் நடக்கும். அந்த நாள்களில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதைவிட பஸ்ஸில் போவது மேல். உங்கள் வீட்டுப் பிள்ளையே பட்டம் வாங்குகிறது என்றால் கதை வேறு, விழா முடிந்ததும் அங்கியோடு அப்படியே அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடலாம்.

வீட்டைத் தேர்ந்தெடுத்தால் அக்கம்பக்கமும் கூடவே கிடைக்கும், கெண்ட் ரிட்ஜில் அந்த வசதி குறைவு. பிளேர் பிளெய்ன் வட்டாரம் 1991 முதல் மரபுப் பாதுகாப்புப் பகுதி. எவர்ட்டன் ரோட்டில் இப் யூ சோங் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன: துணி துவைக்கும் அமா என்ற வீட்டு வேலைக்காரப் பெண், தெருவோர முடிதிருத்துபவர், பழைய மளிகைக்கடை. வீட்டுக்குள் எடுக்க முடியாத படங்களை எல்லாம் தம்பிமார்கள் இங்கே எடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் சுற்றிலும் ஆள்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாசற்படியில் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுக்கவேண்டாம். காலை வழிபாட்டுக்கு சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தொடங்கி, மெக்ஸ்வெல் உணவங்காடியைத் தாண்டி நீல் ரோட்டில் ஏறி வீட்டுக்கு வருவது நான் சொல்லும் வழி. 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயிலையும் 1895இன் சீன வீட்டையும் ஒரே நடையில் பார்த்துவிட்டால், பழசா ஒண்ணுமே இல்லையா என்று கேட்ட பெரியப்பா அன்றைக்கு அதைத் திரும்பக் கேட்கமாட்டார். வெயில் ஏறுவதற்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பதிவு கிடைக்கவில்லை என்றால்? வந்த பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. விமான டிக்கெட் போட்டதாகச் சொன்ன அன்றே இதையும் போட்டுவிடுங்கள். அப்படியும் நழுவிவிட்டால் லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில், கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் தெங் நியா வீட்டைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வானவில் நிறத்தில் நிற்கும் அந்த 1900ஆம் ஆண்டு வீட்டை நம்மவர்கள் எல்லோரும் கடந்து போயிருப்போம். மிட்டாய் ஆலை வைத்திருந்த சீன வணிகரின் வீடு. ஆனால் அது வெளியிலிருந்து பார்ப்பதற்கான இடம், முற்றத்தைத் தேடும் மாமியாருக்கு அது போதாது. அதைவிட ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் உள்ள பெரானாக்கான் அருங்காட்சியகம் மேல். 1912இல் கட்டிய தாவ் நான் பள்ளிக் கட்டடம், பெரிய புதுப்பிப்புக்குப் பின் 2023 பிப்ரவரியில் மறுபடி திறந்தது. வீடு தரும் நெருக்கம் அங்கே இல்லை, எல்லாம் கண்ணாடிக்குள். ஆனால் மணிவேலைப்பாட்டுச் செருப்பு, கெபாயா, கல்யாணக் கட்டில் என்று பொருள்கள் ஏராளம், மலாக்காச் செட்டிகளுக்கும் அதில் இடமுண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அனுமதி இலவசம், ஊர்க்காரர்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும் என்பதால் வேலை முடிந்து வந்தும் கூட்டிப்போகலாம்.